அடுப்புப் பரணில் இரண்டு ஃப்ளாப்பி

"ஏனுங்க்கா, இந்தப் பொட்டிக்குக் குளிராதுங்களா?"

பாவாயியின் மகள் அத்தாயி ஒருநாள் இப்படிக் கேட்டபோது செல்வமேரி வாய்விட்டுச் சிரித்தாள். எஸ்டேட் ஆபீசின் ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரைப் பற்றித்தான் குழந்தை கேட்டது. "குளிரெல்லாம் உனக்கும் எனக்கும்தான் கண்ணு. இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் வேலையில் மூழ்கிவிட்டாள். ஆபீசைப் பெருக்கிக்கொண்டிருந்த பாவாயி மட்டும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் கார்த்திகை மாதம். ஏற்காட்டில் மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விட்டால் மழை. செல்வமேரி சேலத்துக் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ. கடைசி வருஷம் படித்தாள். எஸ்டேட்டின் பழைய மழை அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காப்பிச் செடி பூப்பதற்கான பூ மழை எந்த வாரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் புரோகிராம் எழுதுவதுதான் அவளுடைய ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் அதை முடித்து, வழிகாட்டியான காளியப்பன் சாரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பெங்களூரில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் போய்விடும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா சிங்கராயர் கிறிஸ்துமஸோடு ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். எல்லாரும் அந்த வேலையைத்தான் நம்பி இருந்தார்கள்.

காளியப்பன் சாரோ லேசில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஒவ்வொரு முறையும் புரோகிராம் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்துக் கேட்பார். சிவப்பு மையால் கிறுக்கித் தள்ளிவிட்டு, "இன்னொரு தடவை யோசிச்சுட்டு வாம்மா" என்பார். அந்தச் சிவப்பு மையைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போதாததற்கு ஈரம். எஸ்டேட் கம்ப்யூட்டருக்குள் தன் வேலையைச் சேமித்து வைக்க மேனேஜர் அனுமதிக்கவில்லை. அதனால் எல்லாம் இரண்டு ஃப்ளாப்பிகளில்தான் இருந்தன. ஒன்றில் வேலை, மற்றதில் அதன் நகல். கறுப்புச் சதுரத் தகடுகள். மெல்லியவை, லேசாக வளையக்கூடியவை. சனிக்கிழமை மாலை அவற்றைப் போட்டால் படிக்க முடியவில்லை என்றே திரையில் திரும்பத் திரும்ப வந்தது.

"ஈரம், ஈரம், ஈரம்! இந்த ஊர்ல எதை வெச்சாலும் பூஞ்சை பூத்துடுது" என்று ஃப்ளாப்பி டப்பாவை மேசைமேல் எறியாத குறையாக வைத்துவிட்டு, கண்ணீரோடு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் பாவாயி தன் ஊரான தலைச்சோலையிலிருந்து நனைந்தபடி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து, சிரித்த முகத்தோடு நீட்டினாள்.

"இந்தா கண்ணு. ஒரு பொட்டு ஈரமில்ல பாரு."

செல்வமேரி முடிச்சை அவிழ்த்தாள். ஃப்ளாப்பிகள் இரண்டும் சுட்ட அப்பளம்போல நெளிந்திருந்தன. புகை வாசனை அடித்தது.

"இதை எங்கக்கா வெச்சீங்க?"

"அடுப்புக்கு மேல பரண்ல. உப்பு, தீப்பெட்டி, வெதைச் சாமை எல்லாம் அங்கதான வெப்போம்? நொம்ப நல்லாக் காஞ்சிருக்குது."

மலையில் எல்லா வீட்டிலும் மழைக்காலத்தில் செய்வதுதான். செல்வமேரியின் அம்மாகூட உப்பை அடுப்புப் பரணில்தான் வைப்பாள். அந்த நேரத்தில் அதெல்லாம் அவள் நினைவுக்கு வரவில்லை.

"உங்களை யாரு தொடச் சொன்னது? என் வாழ்க்கையவே கொண்டுபோய் அடுப்புல வெச்சுட்டீங்களே! எதையாவது பெருக்கினமா போனமான்னு இருக்க மாட்டீங்களா?"

பாவாயியின் சிரிப்பு அணைந்தது. "ஈரம் ஈரம்னு அழுதியேன்னுதான் கண்ணு..." என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் செல்வமேரி ஜெபமாலையை எடுத்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜெபம் பாதியில் நின்றது. தன் குரலே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

காளியப்பன் சார் நெளிந்த ஃப்ளாப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே டப்பாலயா வெச்சே?"

"ஆமா சார்."

"மழை எப்ப வரும்னு ஊருக்கே சொல்லப்போறவ. சொந்த டப்பாவைக் காப்பாத்தத் தெரியலை. யாரும்மா இதை இப்படிப் பண்ணினது?"

செல்வமேரி ஒரு கணம் வாயைத் திறந்தாள். பாவாயியின் முகம் முன்னால் வந்து நின்றது.

"நான்தான் சார். சரியா வெக்கலை."

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். அவள் கொண்டுவந்து கொடுத்த அச்சுக் காகிதங்கள் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன. சிவப்பு மையோடு, தேதி வாரியாக, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

"இதைப் பார்த்து மறுபடி அடிச்சிரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸ்ல இருப்பேன். நேரமானாலும் இருப்பேன், போ" என்றார். தன்னுடைய மேசையிலிருந்து புது ஃப்ளாப்பி இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்தபோது அறை கதகதவென்று இருந்தது. மேசைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மண்சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. தரை பெருக்கியிருந்தது. பாவாயியைக் காணவில்லை; காப்பிப் பழம் பறிக்கும் கூட்டத்தோடு தோட்டத்துக்குள் போய்விட்டிருந்தாள். புதன்கிழமையும் அப்படித்தான். வியாழக்கிழமையும் அப்படித்தான்.

அந்த வாரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. மின்சாரம் போகும், அடித்தது அத்தனையும் போகும். திரும்ப அடிப்பாள். ஒரு வரியில் புள்ளி தவறினால் மழை அளவுகள் எல்லாம் தாறுமாறாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பு மை காட்டிய வழியில் போய்ச் சரிசெய்வாள். எரிச்சலில் காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் கரிச்சட்டியின் சூடு காலில் படும். அந்த அறையில் ஃப்ளாப்பி ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் காளியப்பன் சார் கையெழுத்துப் போட்டார். அப்போதும் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு திருத்தம் எழுதாமல் விடவில்லை.

மறுநாள் செல்வமேரி காப்பிச் செடிகளுக்கிடையே பாவாயியைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

"அட விடு கண்ணு, அதைப் போயி. பொட்டிக்குக் குளிரு போச்சா?"

"கரிச்சட்டி வெச்சது நீங்கதானுங்களே?"

"நானா? நான் பழம் பொறுக்கப் போயிட்டேனே. எவளாவது வெச்சிருப்பா" என்றாள் பாவாயி. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெங்களூருக்குக் கிளம்புகிற வாரத்தில் ஒருநாள் விடியுமுன்பே செல்வமேரி அப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மூடுபனியில் படிகூடத் தெரியவில்லை. அறையையும் வராந்தாவையும் பெருக்கினாள். கிணற்றடியிலிருந்து தண்ணீர் இறைத்து வந்து தொட்டியை நிரப்பினாள். பிறகு கரியைப் பற்றவைத்து ஊதினாள். புகை கண்ணில் ஏறியது.

சட்டியை அவள் கம்ப்யூட்டர் பக்கம் வைக்கவில்லை. பாவாயி மழைக்குத் தலையில் போட்டுவரும் சாக்குக் கொங்காணியைக் கழற்றி மாட்டும் ஆணிக்குக் கீழே, அம்மாவும் மகளும் உட்கார்ந்து குளிர் காய இடம் விட்டு வைத்தாள்.

தலைச்சோலைப் பாதையில் அத்தாயியின் பேச்சுக் குரல் கேட்டது. செல்வமேரி துடைப்பத்தை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு, பின்கதவு வழியாகக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கினாள்.