உறைக்குள் ஓடும் லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் மகளைப் பார்க்க நீதிமன்றம் ஒதுக்கியிருந்தது சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. இடம், குடும்பநல மையத்தின் மாடியறை. வட்ட மேசை, மூன்று நாற்காலி, காது கிழிந்த பொம்மை யானை. மூலையில் மேற்பார்வைக்கு ஒரு பெண், மடியில் நோட்டுடன். எல்லோருக்கும் அவர் அக்கா.

மகளுக்கு ஐந்து வயது. அப்பா அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குப் படிக்கச் சொல்லித்தர அவர் ஒரு லிஃப்ட் செய்திருந்தார். பழுப்பு உறையில் சின்னக் கட்டம் வெட்டி, பக்கத்தில் ‘ட்டு’ என்று எழுதினார். நீள அட்டையில் மேலிருந்து கீழாக ப, த, சி, மொ, கு. அட்டையை உறைக்குள் விட்டு இழுத்தால், மாடிக்கு மாடி நிற்பதுபோல் ஓரோர் எழுத்தாகக் கட்டத்தில் வந்து நிற்கும். பட்டு. தட்டு. சிட்டு.

காதால் விளையாடும்வரை அவளை அசைக்க முடியாது. அவர் ‘மொட்டு’ என்றால் அவள் ‘குட்டு’ என்பாள். சரக்கு தீர்ந்தால் ‘ஞொட்டு’.

“அப்படி ஒரு வார்த்தையே இல்ல.”

“எங்க வீட்ல இருக்கு.”

அந்த ‘எங்க வீடு’ அவருக்குக் கொஞ்சம் தைக்கும். கண்ணால் படிக்கச் சொன்னால் மட்டும், கட்டத்தை விட்டுவிட்டு அவர் வாயையே பார்ப்பாள்.

அவளுக்கு முதல் பல் விழுந்ததை அவர் ஓட்டையாகத்தான் பார்த்தார். சைக்கிள் பழகியதைப் போட்டோவில் பார்த்தார். அதனால்தானோ என்னவோ, ஒருநாள் கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. “நீயாப் படிக்கிற மொத வார்த்தைய அப்பாகிட்டதான் படிக்கணும், சரியா?” என்றார். அவள் தலையாட்டினாள்.

அதன்பின் மையத்துக்கு வெள்ளையடித்தார்கள். இரண்டு சனிக்கிழமைகள் சந்திப்பில்லாமல் போயின.

மூன்றாவது வாரம் அவர் வந்து உட்கார்ந்ததும் அக்கா ஒரு காகிதத்தை நீட்டினார். மகளின் அம்மா எழுதியது. இரண்டு வாரமாகப் பள்ளியில் எழுத்தைக் காட்டினால் குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். வீட்டிலும் அப்படித்தான். டாக்டரிடம் காட்டச் சொல்கிறார் டீச்சர். சனிக்கிழமைச் சந்திப்பு அவளைக் குழப்புகிறதோ என்று தோன்றுகிறது. சில மாதம் நிறுத்திப் பார்க்கலாமா?

இரண்டு தரம் படித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

“ஸ்கூல்ல ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கற?”

“தொறந்தா வந்துரும்.”

“என்னது?”

“வார்த்தைதான். பஸ் ஸ்டாப் போர்டப் பாத்ததுமே வந்துருச்சு. கப்புனு மூடிக்கிட்டேன். மொத வார்த்தை உன்கிட்டன்னு நீதான சொன்ன? அப்புறம் பார்த்தா நீ வரவே இல்ல.”

அக்காவின் பேனா நின்றது.

வாலு உறையைத் தன் பக்கம் இழுத்தாள். அட்டையை நகர்த்தினாள். இந்தத் தடவை அவர் வாயைப் பார்க்கவில்லை. கண் கட்டத்தில் இருந்தது. உதடுகள் ‘ப’வுக்காக ஒட்டின.

அவர் கட்டைவிரலால் கட்டத்தை மூடினார்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. பாத்ரூம்ல அழுதாங்க. குழாயத் தொறந்து விட்டுட்டு.”

கொஞ்சநேரம் அவர் விரலை எடுக்கவில்லை.

“வாலு, இத எடுத்துட்டுப் போ. அம்மாகிட்ட படி.”

“மொத வார்த்தையா?”

“ஆமா.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு ரெண்டாவது.”

“ரெண்டாவது ஸ்கூல்ல வந்துட்டா?”

“மூணாவது.”

“அதுவும் பஸ் ஸ்டாப்புல வந்துட்டா? மூடிக்கவா?”

“மூடாத. எங்க வந்தாலும் படிச்சுரு. யார் இருந்தாலும் படிச்சுரு.”

“நீ பாவம்ல?”

“அப்பாவுக்கென்ன, கெடா மாதிரி இருக்கேன்.”

அக்கா தொண்டையைச் செருமினார். “சார், ஒரு தடவை கேட்டுக்கங்களேன். நான் எழுதல. யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் உறையைப் பார்த்தார். விரலை எடுத்தால் போதும்.

“வேணாங்க்கா. நீங்க எழுதுங்க. நான் சொன்னதாலதான் புள்ள வாயக் கட்டிக்கிச்சுன்னு எழுதுங்க.”

“அப்படி எழுதினா சனிக்கிழமை போனாலும் போயிரும் சார்.”

“தெரியுது. எழுதுங்க.”

பன்னிரண்டுக்கு வாலு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். குழந்தை போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் அவர் வெளியேறலாம் என்பது மையத்தின் விதி. மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார்.

கேட்டருகே அம்மா அவள் கையைப் பிடித்தாள். வாலு நகரவில்லை. உறையைத் தூக்கிக் காட்டினாள். அம்மா பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தோள்பை நழுவித் தரையில் விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

அவர் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். புதுப் பெயிண்ட் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கீழே சின்ன வாய் ஒட்டித் திறந்தது. அட்டை ஒரு மாடி நகர்ந்தது. மறுபடி திறந்தது.

“பத்து நிமிஷம் ஆச்சு சார். நீங்க கிளம்பலாம்” என்றார் அக்கா.

“இன்னும் மூணு எழுத்து இருக்குக்கா” என்றார் அவர், திரும்பாமல்.