மேட்டில் நின்ற பேருந்து

அவள் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவள். கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிக்குப் போகும் மகளோடும் கணவனின் அக்காவோடும் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அண்ணி என்று அவள் கூப்பிடும் அந்த நாத்தனார் ஒரு தையல்காரி. கையில் இருக்கும் கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை.

டயர் கடைக்கு மேலே ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. அந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர் மாடி ஆபீஸ். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு வேலைப் பயிற்சி கொடுத்து, சொந்தக் காலில் நிற்கும்வரை கூடவே இருப்பார்கள். அங்கே பேருந்து ஓட்டவும் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் படியேறிவிட்டாள். தினமும் கழுவுகிற வண்டிதானே, ஓட்டினால் என்ன?

அண்ணியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. முன்பொரு முறை தையல் பழகப்போய்ப் பாதியில் விட்டதையே அவர் இன்னும் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். அதனால், "ஓவர்டைம் அண்ணி" என்று சமாளித்துவந்தாள்.

லைசென்ஸ் தேர்வில், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு, அங்கே எல்லைக்காக நட்டிருந்த கம்பைச் சாய்த்துவிட்டது. தோல்வி. அதன்பிறகு அவள் மாடி ஆபீஸ் பக்கம் தலைகாட்டவே இல்லை. நம்பி இடம் கொடுத்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தாள். மாடி ஆபீஸ் பொறுப்பாளர், எல்லோருக்கும் கண்ணாடி அக்கா. 'இனி வராதேன்னு சொல்லத்தான் வந்திருக்காங்க' என்று நினைத்தாள். குளியலறைக்குள் புகுந்து தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டாள்.

அண்ணிதான் கதவைத் திறந்தார்.

"டெஸ்ட்ல பெயிலானா என்னங்க? அதுக்காக வராம இருக்காதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றார் கண்ணாடி அக்கா.

"எந்த டெஸ்ட்டு?"

"பஸ் ஓட்டுற டெஸ்ட்டு."

அண்ணி திரும்பி உள்ளே நடந்தார். பிறகு குளியலறைக் கதவு அதிர்ந்தது.

"குளிச்சது போதும், குழாய மூடிட்டு வெளிய வா!"

வந்தாள். தலைமுடிகூட நனையவில்லை.

"பஸ்ஸா ஓட்டுற?"

"ஆமா அண்ணி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னு..."

"திட்டத்தான் செய்வேன். அதுக்காக? ஊருக்கெல்லாம் தெரியுது, ஒரே தட்டுல சாப்பிடுற எனக்குத் தெரியல." அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணிக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்ணாடி அக்கா மெல்லச் சொன்னார். "நல்லாத்தாங்க ஓட்டுறாங்க. பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவான்னு பாதியிலேயே ஓடிடுறாங்க. மேட்டுல பழக நேரமே கிடைக்கல. மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்ப நாங்க தயார்."

"இவ்வளவுதானா? பிள்ளை என் தையல் கடைக்கு வந்து எம்பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதட்டும்" என்றார் அண்ணி. "நீ போய் மேடு ஏறு."

ஏறினாள். பொழுது சாயும்வரை ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

இரண்டாம் முறை தேர்வுக்கு அண்ணியும் மகளும் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். மேட்டில் நிறுத்தினாள். கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி ஒருமுறை உறுமியது, ஒரு அங்குலமும் பின்வாங்காமல் முன்னேறியது. அதிகாரி தலையசைத்தார். இறங்கியவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, விழுந்துட்டியா?"

"இல்லடி. பாஸாயிட்டேன்."

அதே பணிமனையில் ஓட்டுநர் வேலை கிடைத்தது. மாடி ஆபீஸ் பேசி முடித்துக்கொடுத்த இரண்டு அறை வீட்டுக்கு மூவரும் குடிபோனார்கள். அங்கே படுத்த முதல் நாள், அலாரம் அடித்தும் எழாமல் தூங்கினாள் அவள். அப்படித் தூங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

முதல் ஷிப்டில் அண்ணி முன் சீட்டிலேயே இடம் பிடித்தார். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "ஓட்டுறது எந்தம்பி பொண்டாட்டி" என்றார்.

"அண்ணி, டிரைவர்கிட்ட பேசக்கூடாது."

"உங்கிட்ட யாரு பேசுனா? நான் ஊர்கிட்ட பேசுறேன். நீ ரோட்டப் பாரு."