ஒரு பிடி மரத்தூள்

தம்பி அளவு நாடாவை மறுபடியும் இழுத்துப் பிடித்தான். எத்தனை முறை பிடித்தாலும் அளவு மாறவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவே ஒன்றரை அடிதான். ஆள் ஒருக்களித்து நுழையலாம். அண்ணனின் உடலைக் கிடத்தியிருக்கும் ஸ்ட்ரெச்சர் நுழையாது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மூன்றாம் தடவையாக எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் பாருங்க சார். எனக்கு இன்னொரு எடம் போகணும்."

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அண்ணன், ஓய்வு பெற்ற பிறகு எட்டு வருடமாக அந்த முன்னறைக்குள்ளேயே வைத்து ஒட்டி, ஆணியடித்து வளர்த்த பொம்மை ரயில் மேசை அது. முழுசாகக் கதவு வழியே வெளியே போகாது. அறுக்கத்தான் வேண்டும். தச்சு வேலை பார்க்கும் தம்பியை விட்டால் அதற்கு வேறு யார்?

"அறுத்துடுங்க தம்பி," என்றாள் அண்ணி. அழுது முடித்த குரல். "மனுஷன் வாசல்ல காத்துக் கெடக்குறாரு."

மேசையின் மேல் தீப்பெட்டி தீப்பெட்டியாக ஆலைகள். மர மில், மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகை ஆலை, பெட்டிக் கம்பெனி, பிஸ்கெட் கம்பெனி, ஓரத்தில் நீலம் பூசிய துறைமுகம். ஒன்றில் ஏற்றுவது அடுத்ததில் இறங்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று அதில் எழுதியிருக்கும். சரக்கு ஏறாமல் வண்டி நகரக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம்.

சீட்டுகளை ஒதுக்கப் போன தம்பியின் கை நின்றது. எல்லாவற்றிலும் அண்ணனின் கோணல் எழுத்தில் ஒரே சொல்: காத்திருப்பு.

"என்ன அண்ணி, எல்லாமே நிக்குது?"

"ஆறு மாசமா நிக்குது. உங்ககிட்ட தூள் கேட்டாரே."

கேட்டார்தான். "டேய், ஒரு பிடி மரத்தூள் கொண்டாடா. கட்டி இல்லாம சலிச்சுக் கொண்டா."

"உனக்கு மூட்டையே தர்றேண்ணே. உன் ஊரையே மூடிக்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பட்டறையில் தூளுக்கா பஞ்சம்? கணுக்கால் புதையும். சனிக்கிழமைதோறும் கூட்டி, மூட்டை கட்டி, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவான். கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஞாபகம் வரும். அண்ணனே வந்து எடுத்துக்கொள்ள வழியில்லை. அவர் நுரையீரலுக்குத் தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒரு பிடி தூளுக்கா எல்லாத்தையும் நிறுத்தினாரு?"

"ரவையக் கொட்டி ஓட்டுங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'தூள் வந்தாத்தான் பலகை, பலகை வந்தாத்தான் பெட்டி. பெட்டி இல்லாம பிஸ்கெட்ட உன் மடியில கட்டியா அனுப்புறது? பொய்ச் சரக்கு ஏத்த மாட்டேன், அவன் கொண்டாந்துடுவான்'னு உக்காந்துட்டாரு. தெனம் காலையில சுவிட்சப் போடுவாரு. கொஞ்ச நேரம் பார்ப்பாரு. அணைச்சுட்டு வந்து காப்பி கேப்பாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணி."

"விடலையே. வேலை வெட்டி உள்ளவன், நச்சரிக்காதன்னாரு."

தம்பி நாடாவைச் சுருட்டினான். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினான்.

"ஆஸ்பத்திரியிலயும் கேட்டாரா?"

"கேட்டாரு. வந்துடுச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணி வாசல் பக்கம் பார்த்தாள்.

ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். தம்பி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டான். மர மில்லுக்கும் பலகை ஆலைக்கும் நடுவே போயிற்று கோடு. அந்த இடத்தை விட்டால் ஸ்ட்ரெச்சருக்கு வழி கிடைக்காது. மில் வாசலில் தூளுக்கான வண்டி காலியாக நின்றது. எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். கை அதன் பக்கம் போகவில்லை. ரம்ப மெஷினை ஓடவிட்டான்.

அக்கம்பக்கத்தார் நான்கு பேர் அறுத்த பாதி மேசையைச் சாய்த்து வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"போதும் சார், எடம் வந்துடுச்சு," என்றார் ஓட்டுநர்.

மெஷின் இறைத்த தூள் கூரைகளின் மேலும் தண்டவாளத்தின் மேலும் படிந்திருந்தது. காலி வண்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. மாவு மாதிரி, கட்டி இல்லாத தூள்.

தம்பி அந்த வண்டியின் சீட்டை எடுத்தான். காத்திருப்பு என்பதைப் பென்சிலால் அடித்தான். சீட்டை வண்டியின் பக்கத்திலேயே வைத்துவிட்டுச் சுவரோடு ஒண்டி வழிவிட்டான்.

வண்டிக்கு முன்னால் இரண்டு விரல் நீளத்துக்குத் தண்டவாளம் இருந்தது. அதைத் தாண்டி, அறுத்த இடத்தில், அண்ணனை உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.