விஜயதசமியன்று ஏற்றிய புதுப் பதிப்பு

அருட்செல்வனுக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, வெற்றிலைகூட இல்லை. கணினியை இயக்குகிற லினக்ஸ் மட்டுந்தான். அதிலும் ஒன்றைக் கணினியில் போட்டுக்கொண்டு ஒழுங்காக இருக்கிற ஆள் அல்ல. உலகத்தின் எந்த மூலையில் யார் புதுப் பதிப்பு வெளியிட்டாலும் அதை ஏற்றிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சும்மாதானே தருகிறார்கள் என்பான். சும்மா தருகிறார்கள் என்பதற்காக இருக்கிறதை அழிக்கவேண்டுமா என்று கேட்டவள் மனைவி கஜானி. அவளுடைய பள்ளிக்கூடப் பாடக்குறிப்புகள் ஒருமுறை அப்படி அழிந்தபிறகு, மடிக்கணினியைச் சேலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மிஞ்சியது யாழ்ப்பாணத்து இணுவிலில் அவர்களுடைய சனசமூக நிலையத்துக் கணினி. அருட்செல்வன் அங்கே செயலாளர், நிலையத்தைத் திறந்து பூட்டுகிற திறப்பும் அவனிடந்தான். அந்தக் கணினியால் ஊருக்கு ஆகிற காரியம் ஒன்றே ஒன்று. காலையில் பத்திரிகை படித்து முடிந்ததும் எல்லோரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இணையத்தில் மரண அறிவித்தல்களைப் பார்ப்பார்கள். கைபேசி இல்லாதவர் யாருமில்லை. ஆனாலும் செத்தவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, அவர் யாருடைய மருமகன், எந்த ஒழுங்கையில் இருந்தவர் என்று நாலுபேராகக் கூடித் தீர்மானிக்கிற திருப்தி கைபேசியில் வருமா?

ஆடி மாதத்தில் அவன் ஏற்றிய ஒரு பதிப்பில் ஒரு கிழமை முழுக்க இணையம் வேலை செய்யவில்லை. அந்தக் கிழமை பார்த்துக் கனடாவில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போனார். விஷயம் தெரியாத நிலையத் தலைவர் தியாகராசா, செத்தவரின் தம்பியைச் சந்தையில் கண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அண்ணர் எப்படிச் சுகமாக இருக்கிறாரோ என்று விசாரித்துவிட்டார். தபாலதிபராக இருந்து இளைப்பாறிய கௌரவமான மனிதர். அந்த மானக்கேடு அவருக்கு ஆறவேயில்லை. இன்னொருமுறை கணினி படுத்தால் திறப்பைப் பறித்துக்கொண்டு, பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து கடைக்காரரைக் கூட்டிவந்து விண்டோஸ் போடுவேன் என்று கூட்டத்தில் வைத்தே சொல்லிவிட்டார். திறப்புப் போனால் தொட்டுப் பார்க்க அருட்செல்வனுக்கு வேறு கணினி ஏது?

அவனுடைய கெட்டகாலம், அடுத்த பதிப்பு நவராத்திரிக்குள் வந்தது. கணினி புத்தகங்களோடு சேர்ந்து சரஸ்வதிக்கு முன்னால் வெள்ளைத் துணிக்குள் போயிருந்தது. பூசை முடியும்வரை அதை ஒருவரும் தொடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அருட்செல்வன், விஜயதசமியன்று ஏற்றட்டுமா என்று பயந்து பயந்து கேட்டான். புதுக்கருமம் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா என்று தலைவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கணினிக்குள் போகப்போகிற சாமானும் பூசையில் இருக்கவேண்டும். அருட்செல்வன் புதுப் பதிப்பு இருந்த பென்டிரைவைக் கொடுத்தான். அவர் அதைப் பயபக்தியோடு வாங்கித் தட்டில் வைத்தார்.

விஜயதசமி காலை. அவலும் கடலையும் பகிர்ந்து முடிந்ததும் அருட்செல்வன் பென்டிரைவைத் தட்டோடு எடுத்துக் கண்ணில் ஒற்றி, பார்க்காமலே கணினியில் செருகினான். திரை வெளித்தது. பழையதை முழுதாக அழிக்கட்டுமா என்று அது கேட்டது. அழி என்றான். பாதி ஏறி அப்படியே நின்றது. நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தான். இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை, கறுப்புத் திரைதான் இருந்தது.

கதிரையை முன்னுக்கு இழுத்து முதல் ஆளாக இருந்தவர் பொருளாளர் மகாதேவி அக்கா.

"தம்பி, இண்டைக்கு ஆர் செத்தது எண்டு தெரியாமல் நான் எப்பிடி வீட்டை போறது?"

தலைவர் கையை நீட்டினார். அருட்செல்வன் திறப்பைக் கொடுத்தான். நாற்பது வயது மனிதன், அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மேசைக்குக் கீழே குனிந்து பென்டிரைவைப் பிடுங்கினான். இவன் இனி என்ன நாசம் செய்யப்போகிறானோ என்று தலைவரும் கூடவே குனிந்தார்.

பென்டிரைவின் வாயோரமெல்லாம் சந்தனம். இறுகிக் காய்ந்திருந்தது. அதற்குமேல் செருகியதில் தேய்ந்த ஒரு குங்குமப் பொட்டு.

மேசைக்குக் கீழே இரண்டு தலைகளும் அதையே பார்த்தன.

"முகம் எண்டு நினைச்சு வைச்சனான்," என்றார் தலைவர் மெல்ல.

மேலே மகாதேவி அக்கா என்ன பிழை, என்ன பிழை என்று கேட்டுக்கொண்டிருந்தார். அருட்செல்வன் விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை முறித்து ஆறுதலாகச் சந்தனத்தைக் கிண்டினான். அழுகை போன இடம் தெரியவில்லை.

"உந்தச் சந்தனக் கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், தம்பி," என்று தலைவர் திறப்பை அவனுடைய சட்டைப்பைக்குள் போட்டார்.

"சித்திரையிலை அடுத்தது வருது, அண்ணை."

"ஏத்தும்."

"தையிலை வேறை ஆக்களின்ரை ஒண்டும் வருது."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மேசையைப் பிடித்து எழும்பி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சபைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"பிழை ஒண்டுமில்லை. இனி உவர் எப்ப எதை ஏத்தினாலும் ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கப்படாது."