பதினோரு வருஷம் ஆறாத காப்பி

அரபு நாட்டு மஆன் பாலைவனத்தில், ஆடு மேய்க்கும் குலத்தின் தலைவர் ஹாயிலின் கூடாரத்தில் ஹென்னிங் என்ற வெள்ளைக்காரர் கீழே வைத்துவிட்டுப் போன ஒரு வாய்க் காப்பி பதினோரு வருஷம் ஆறவில்லை. அவர் வந்தது, தீவனப் பார்லிக்குக் கொடுத்துவந்த மானியத்தை அரசு வெட்டிய வருஷம். சீர்திருத்தம் என்று ரேடியோ சொன்னது. ஆடுகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஆறுதலாகக் கிணற்றுக்கு ஒரு சூரிய மின்சாரப் பம்பு தருகிறோம் என்று ஒரு வெள்ளைக்கார நாடு முன்வந்தது. அதற்காகத்தான் ஹென்னிங் நாற்பது பக்க நிபந்தனைத் தாளும் ஒரு மொழிபெயர்ப்பாளருமாக வந்திறங்கினார். ஹாயில் தம் கையாலேயே ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி ஊற்றினார். ஹென்னிங் வாயருகே கொண்டுபோனார்; குடிக்காமல் மணலில் வைத்தார்.

கூடாரத்தில் இருந்த இருபது பேரின் பேச்சும் ஒரே நொடியில் நின்றது. அங்கே விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் வைத்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று அர்த்தம். தந்தேன் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார். குடிக்காமலே எழுந்துபோய்விட்டால் அந்த வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் தலை நிமிர முடியாது.

“குடிங்க. கேட்க வந்தது உங்களுக்குக் கிடைச்சாச்சு,” என்றார் ஹாயில்.

கேட்க வந்தது என்னவென்று அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பாளர் படித்தார்: கிணறு ஊர்ப்பொது ஆக வேண்டும். வந்த வரிசைப்படி எல்லா மந்தைக்கும் தண்ணீர். கிணற்றுக் குழுவை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெண்களுக்கும் ஓட்டு. ஹாயிலின் முகத்து ரத்தம் மொத்தமும் மீசைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பாட்டனார் தோண்டிய கிணறு அது. யார் மந்தை முதலில் குடிக்கலாம் என்று விரல் காட்டுவதில்தான் அவருடைய தலைமையே இருந்தது. ஹென்னிங் கோப்பைக்குக் கை நீட்டும்போது போன் அடித்தது. அவர் நாட்டில் ஆட்சி கவிழ்ந்து, பம்பு வேறு கண்டத்துக்குப் போய்விட்டதாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விமானத்தைப் பிடிக்க ஓடினார்.

“பம்பே வரலை. வாக்கையும் விட்டுடுங்க, அபூ மிஷ்அல்,” என்றார் அடுத்த கூடாரத்துக் கலஃப். மூத்த மகன் பெயரைச் சேர்த்து, மிஷ்அலின் அப்பா என்றுதான் ஹாயிலைக் கூப்பிடுவார்கள்.

“பம்பு அவங்க வாக்கு. கிணறு என் வாக்கு. அவங்களுது போனா என்னுதும் போகணுமா?”

“குடுக்கறதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டிருக்கலாம்ல,” என்றாள் அவர் மனைவி வத்ஹா, திரைக்குப் பின்னாலிருந்து.

“கேட்டுட்டுக் குடுக்க நான் என்ன பேங்க்கா?”

முதல் குளிர்காலத்தில் முந்நூறு ஆடுகளும் அந்தக் கோப்பையைச் சுற்றிப் படுத்துக் குளிர் காய்ந்தன. பெண்கள் அதன் ஆவியில் ரொட்டி சுட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் மூன்று வெப்பமானிகளை விட்டுப் பார்த்தார்கள்; மூன்றும் வரிசையாக வெடித்தன. ஆவி மேலே போய்க் கூடாரம் அகலத்துக்கு ஒரு மேகமாகி, வியாழக்கிழமைதோறும் ஹாயிலின் பார்லி வயலில் மட்டும் பெய்தது. ஹாயில் அறுபது ஆடுகளை விற்றுப் பம்பைத் தாமே வாங்கிவந்தார். தேர்தல் வைத்தார். தலைவர் பதவிக்கு அவரும் நின்றார், வத்ஹாவும் நின்றாள். அவள் பத்தொன்பது ஓட்டு வாங்கி ஜெயித்தாள். அதில் ஒன்று தாம் போட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வத்ஹாவின் முதல் உத்தரவில் அவருடைய மந்தை வரிசையில் ஒன்பதாவதாக நின்றது. பெரும் பஞ்சம் வந்த வருஷம் சுற்றுவட்டாரமே ஆடுகளை இழந்தது. அந்தக் கிணற்றில் குடித்தவற்றில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. தலைநகரத்து அதிகாரிகள் பஸ் பஸ்ஸாக வந்து குறிப்பெடுத்தார்கள். ஹாயில் அவர்களைக் கவனிக்கவில்லை. சொன்னது எல்லாம் செய்தாகிவிட்டது. விருந்தாளி இன்னும் குடிக்கவில்லை. ஹாயில் ஹென்னிங்குக்கு எழுதிப்போட்ட நான்கு கடிதங்களும் திரும்பி வந்தன.

பதினோராம் வருஷம் ஹென்னிங், ஓய்வு பெற்றவராக, ஊர் சுற்றிப் பார்க்க வந்தார். இருபது பேரும் கூடிவிட்டார்கள்.

“கிணறு ஊரோடது. குழு இருக்கு. பம்பு ஓடுது,” என்றார் ஹாயில். “இப்பக் குடிங்க.”

ஹென்னிங் கைக்குட்டையால் கோப்பையைப் பிடித்து, கண்ணில் நீர் வர ஒரே வாயில் குடித்தார். ஹாயில் பதினோரு வருஷத்து மூச்சை விட்டதில் கூடாரத்தின் நான்கு முளைகளும் பிடுங்கிக்கொண்டன. அவற்றைத் திரும்ப அடித்து இறக்கினார்கள்.

எதற்காக இத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று கலஃப் விளக்கியதும் ஹென்னிங் காது மடல் வரை சிவந்தார்.

“எனக்கு அந்த வழக்கம் தெரியாது,” என்றார் தட்டுத்தடுமாறிய அரபியில். “கை சுட்டுது. கொஞ்சம் ஆறட்டும்னு வெச்சேன்.”

ஹாயில் காலிக் கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லித் தொலைக்காம இருந்தீங்களே, நல்ல மனுஷன்,” என்றாள் வத்ஹா. குழுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

ஹாயில் இரண்டாவது கோப்பையை ஊற்றி நீட்டினார். உள்ளங்கை பழுக்கப் பழுக்க ஹென்னிங் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.