பாரம்பரிய நீர்க்காட்சி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு விளம்பரப் பலகையில் கிடைத்தது. பழைய துறைமுகத் தெருவின் முனையில் நட்டிருந்தார்கள். 'நிலைத்த வளர்ச்சி, நீடித்த பாரம்பரியம்' என்று எழுதி, கீழே தெருவின் வருங்காலப் படம். படத்தில் எல்லோரும் ஒல்லியாக இருந்தார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. அலைகூட அடிக்கவில்லை. இதை யார் வரைந்திருப்பார் என்று யோசித்தபோது அவள் வந்தாள்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று பொன்னாக...' (வேண்டாம். கடல் தன் பாட்டுக்கு இருக்கட்டும்.)

அவள் நகராட்சியில் வரைபடம் வரைபவள். அவளுடைய அத்தை அந்தத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள்; கீழே கடை, மேலே வீடு. அங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு சந்து, சந்துக்கு நடுவே திறந்த கல் வாய்க்கால். பெரிய ஓதத்தன்று* கடல் தெருவுக்குள் வரும், வீட்டுப் படி ஏறும், இரண்டு மணி நேரத்தில் வாய்க்கால் வழியே திரும்பிவிடும். இருநூறு வருடமாக இதுதான் ஏற்பாடு.

(* ஓதம்: கடல் ஏறி இறங்குவது. இந்தக் குறிப்பு உங்களுக்கல்ல, தலைமைப் பொறியாளருக்கு.)

புதிய திட்டம் வாய்க்கால்களை வழவழப்பான கல் போட்டு மூடச் சொன்னது. திறந்திருந்தால் பார்க்க அசிங்கமாம். அவள் தலைமைப் பொறியாளரிடம் போய், மூடினால் வந்த தண்ணீர் வீடுகளிலேயே தங்கிவிடும் என்று விளக்கினாள். அவர் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி வர்றது திட்டத்துலயே இல்லையேம்மா," என்றார்.

(இவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். மனிதர் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை.)

3.

இங்கே அவளைப் போராட வைத்து இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மறுநாள் அதே வாய்க்கால்களைத் திறந்தபடியே வரைந்து, மேலே கம்பி வலை போட்டு, அம்புக்குறி இட்டு எழுதினாள்: 'பாரம்பரிய நீர்க்காட்சி'. ஓரமாக இரண்டு விளக்கு.

கோப்பு ஒரே நாளில் கையெழுத்தாகி வந்தது.

திறப்பு விழா முடிந்த பதினோராம் நாள் பெரிய ஓதம். தண்ணீர் அத்தையின் மூன்றாம் படிவரை ஏறி, தையல் இயந்திரத்தைத் தொடாமல் இறங்கிப் போனது. வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். தலைமைப் பொறியாளருக்கு விருது கிடைத்தது.

"வாய்க்காலுக்கு வேஷம் கட்டி விட்டுட்டியே," என்று அத்தை சிரித்தாள்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். மேலிடம்தான் விடவில்லை.

4.

வடக்குக் கரைத் தெருவுக்கும் இதே நீர்க்காட்சி வேண்டுமாம். அங்கே தரை உள்பக்கமாகச் சரிகிறது. வாய்க்கால் வெட்டினால் கடல் வீட்டுக்குள் வரும், திரும்பாது. நாற்பது வீடுகள். கோப்பு அவள் மேசைக்கு வந்தது.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதாகும். வேலை போகலாம். வெறும் வாய்க்கால்தான் என்று தெரிந்தால் அத்தை தெருவிலும் கல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால்...

முடிவு அ: அவள் சொல்கிறாள், தலைமைப் பொறியாளர் திருந்துகிறார். (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். (அவள் சம்மதிக்கவில்லை.)

இப்போது அவர் அறையில் நிற்கிறாள். சுவரில் விருது, கொஞ்சம் கோணலாக. அவர் நாற்காலியைக் காட்டுகிறார். அவள் உட்காரவில்லை.

"சார், அந்த நீர்க்காட்சி இருக்கே, அது..."

வாயைத் திறக்கவைத்துவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். நாற்பது வீட்டிலும் ஆள் இருக்கிறது.