நேற்று இருந்த ஹார்ட் டிஸ்க்

சரஸ்வதி பூஜையன்று காலை, ஜானு மாமியின் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை நிறுவ உட்கார்ந்தேன். எந்த மொழி என்று கேட்டது, சொன்னேன். எந்த ஊர் நேரம் என்று கேட்டது, அதையும் சொன்னேன். எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் பக்கம் வந்தபோது அங்கே டிஸ்க்கே இல்லை. பட்டியல் வர வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

முந்தின நாள் மாலை இதே மேஜையில் இதே மடிக்கணினியில் அந்த டிஸ்க்கை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஐந்நூறு ஜிபி. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி மாமிக்கும் அவர் கணவர் ஸ்ரீரங்கன் சாருக்கும் காட்டிவிட்டு, டிஸ்க்கில் இருந்த கேள்வித்தாள், புகைப்படம், வரி ரசீது எல்லாவற்றையும் வெளியே நகல் எடுத்து வைத்தேன். நகல் எடுத்து முடிக்கவே சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டதால் நிறுவுவதை மறுநாளைக்குத் தள்ளினேன். அப்படித் தள்ளியதுதான் வினை.

நான் அவர்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவன். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. அடையாறில் மோட்டார் பம்பு செய்யும் நிறுவனம் ஒன்றில், பம்போடு பெட்டிக்குள் வைத்துத் தரும் விளக்கப் புத்தகத்தை எழுதுவது என் வேலை. அதனால் கணினி விஷயத்திலும் நான் வரிசையாகச் செய்வேன் என்று மாமிக்கு ஒரு நம்பிக்கை.

மாமி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கலிபோர்னியாவில் இருக்கும் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு இணையத்தில் கணக்கு வகுப்பு தொடங்குவதாக ஏற்பாடு. விஜயதசமியன்று காலை ஏழரைக்கு முதல் வகுப்பு. அங்கே அது முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி. போன வாரம் ஒரு மாதிரி வகுப்பு நடத்தியபோது இந்தப் பழைய மடிக்கணினி பாதியில் உறைந்து நின்றுவிட்டது. புதிய விண்டோஸையும் அது ஏற்காது. அன்றைக்கே இரண்டு அம்மாக்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மீதிப் பேரும் இன்னொரு தடவை பொறுக்க மாட்டார்கள் என்பது மாமிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கைபேசி உதவாது, மாமி எழுதிக் காட்டும் பலகையைக் கணினியில்தான் சொருக முடியும். பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் காட்டத்தான் ஆகும், முழு வகுப்பைத் தாங்காது. என்னுடைய மடிக்கணினியைக் கொடுக்கலாம் என்றால் அது அலுவலகத்துப் பூஜையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு மாமி கணினியைத் தொடவில்லை. பூஜை முடிந்த பிறகு படிப்பதும் எழுதுவதும் கூடாது. நான் செய்வது படிப்பில் சேராது என்று அவரே முடிவு சொல்லி, மூடியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து என்னிடம் விட்டிருந்தார். தள்ளி நின்று திரையைப் பார்த்தார்.

"நேத்திக்கு இருந்தது இன்னிக்கு எங்க போகும்?" என்றார். "ஒண்ணு இருக்கணும், இல்லேன்னா இல்லாம இருக்கணும். நடுவுல என்ன?"

கணக்கு டீச்சரின் கேள்வி. அணைத்துப் போட்டேன். வேறு துளையில் பென்டிரைவைச் சொருகினேன். ஓடிக்கொண்டிருந்த லினக்ஸிலிருந்தே புதிதாக ஒன்றை இறக்கி இன்னொரு பென்டிரைவில் ஏற்றினேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கணினி விழிக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் பயாஸ் என்று ஒரு அமைப்புப் பக்கம் வருமே, அதற்குள் போனேன். அங்கேயும் டிஸ்க்கின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. ராத்திரி நகல் எடுக்கும்போது அது சூடாகிச் செத்துப்போயிருக்குமோ என்று நினைத்தேன். அதை மாமியிடம் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கன் சாரைக் கேட்கலாம் என்றால், அவர் பூஜை முடிந்ததும் அசோக் நகரில் தங்கை வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தார். மாமி அவர் கைபேசிக்கு அடித்தார். பூஜையறையில் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது. தன்னுடைய ஆயுதம் அதுதான் என்று அதையும் பூஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சைதாப்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் கனகராஜைக் கூப்பிட்டேன். கடையில் பூஜை நடந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவன் முழுதும் கேட்கவில்லை.

"பயாஸ்ல ஏஎச்சிஐனு கீதா, ரெய்டுனு கீதா?"

"ஏஎச்சிஐ."

"அத்த ரெய்டுக்கு மாத்திப் பாரு நைனா. சில மிஷினு அப்டி தான் வம்பு பண்ணும்."

அவை இரண்டும் கணினி டிஸ்க்கோடு பேசும் இரண்டு விதம் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் பின்மூடியைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்துத் துடைத்துத் திரும்பச் சொருகு என்றான். அவனையே வரச் சொன்னேன். தன்னுடைய சாமான் அத்தனையும் சாமிக்கு முன்னால் படுத்திருப்பதாகவும், நாளைக் காலை வரைக்கும் தான் வெறுங்கையன் என்றும் சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டான்.

ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது. வீட்டில் ஒரு நல்ல செட் உண்டு. அது சாருடைய கைபேசிக்குப் பக்கத்தில் குங்குமத்தோடு இருந்தது. மாமி கையை விரித்துக் காட்டினார். தெருவில் இறங்கினேன். கச்சேரி சாலையில் ஹார்டுவேர் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். விற்பனைக்கு இருப்பதில் ஒன்று கொடுங்கள் என்றேன். கடையில் இருப்பது எல்லாமே பூஜையில் இருப்பதுதான், இன்று கல்லாவைத் திறக்க மாட்டேன் என்றார். எலக்ட்ரீஷியன் வீடு, சைக்கிள் கடை, எங்கேயும் அதே கதை. மாடவீதி முனை ஆட்டோ நிறுத்தத்தில் வண்டிகள் எல்லாம் வாழைக்கன்று கட்டி நின்றன. எனக்குத் தெரிந்த பாண்டுரங்கனின் ஆட்டோவில், பின் இருக்கையில் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் சாமந்திப் பூவுக்கு நடுவில் கிடந்தன. கையை நீட்டினேன். அவன் என் கையை மெதுவாகத் தள்ளினான்.

"சாமி தூங்கினு கீது சார். எயுப்பக் கூடாது."

பதிலாக ஒரு பொட்டலம் பொரி கொடுத்தான். மூன்று பொரிப் பொட்டலத்தோடு வீடு திரும்பினேன். காய் நறுக்கும் கத்தியால் முயன்று பார்த்ததில் ஒரு திருகின் தலை வழுவழுப்பானதுதான் மிச்சம்.

மதியத்துக்கு மேல் என்ன செய்தேன் என்று வரிசைப்படுத்திச் சொல்ல எனக்கே முடியவில்லை. இணையத்தில் ஒருவர் பயாஸைப் புதுப்பிக்கச் சொன்னார்; இன்னொருவர் எக்காரணம் கொண்டும் புதுப்பிக்காதே என்றார். இதற்கு நடுவில் மாமியின் கைபேசிக்கு, அங்கே நடுராத்திரியில் விழித்திருந்த ஒரு அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது: நாளை வகுப்பு உறுதிதானா? மாமி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் உறுதி என்று குரலிலேயே பதில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஸ்ரீரங்கன் சார் சாயங்காலம் சுண்டல் பொட்டலத்தோடு வந்தார். தொலைபேசித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றி, காலை அலம்பி, நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"திரையில தெரியாதுதான்," என்றார். "டிஸ்க் அதுக்குள்ள இல்லையே."

"பின்ன எங்க இருக்கு?" என்றார் மாமி.

"பூஜைலதான். புஸ்தகத்துக்கு அடியில, பட்டுத் துணில சுத்தி வெச்சிருக்கேன்."

அவரே விளக்கினார். மாமிக்குப் புத்தகம் என்றால் இப்போது கணினிதான். அதைப் பூஜையில் வைக்காமல் விடுவது சரியில்லை. ஆனால் லினக்ஸைப் போட எனக்குக் கணினிப் பெட்டி வேண்டும். படித்ததும் எழுதியதும் டிஸ்க்கில்தானே இருக்கிறது, பெட்டியில் இல்லையே. அதனால் விடிகாலையில் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசியாக ஸ்க்ரூடிரைவரையும் வைத்திருக்கிறார்.

"நீங்கதானே நேத்து சொன்னேள், டிஸ்க்கைத் தொடவே வேண்டாம், பென்டிரைவ்லேந்தே ஓடறதுன்னு?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அது ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும்தான், நிறுவ டிஸ்க் வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. பம்புக்கு மின்சாரம் வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா என்ன? எழுதத்தான் வேண்டும் போல.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்றார் மாமி.

"நீ மடியா சமைச்சிண்டு இருந்தே. கிட்ட வராதேன்னே. வரலை."



சாமிக்கு முன்னால் சார் வைத்ததை நான் போய் எடுக்க முடியாது. மாமி பூஜையறை வாசலில் நின்றார். எடுத்துவிட்டால் ராத்திரி எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். எடுக்காவிட்டால் நாளைக்கு நேரம் போதுமா என்பது நிச்சயமில்லை. அந்த டிஸ்க்கில் ஏதாவது கோளாறு என்றால் சரிசெய்ய அவகாசமே இருக்காது. இதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன். வகுப்பு அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும் என்று சாரும் வாயைத் திறக்கவில்லை.

"எடுக்க மாட்டேன்," என்றார் மாமி. "ஆனா கார்த்தால நாலரைக்கே புனர்பூஜை பண்ணிடறேன். அஞ்சு மணிக்கு நீங்க வந்துடுங்கோ."

அஞ்சு மணிக்குப் போனபோது மாமி கற்பூரம் காட்டி முடித்து, பூஜையில் இருந்தவற்றையெல்லாம் முறைப்படி கொஞ்சம் வடக்கே நகர்த்திக்கொண்டிருந்தார். சார் பட்டுத் துணியைப் பிரித்தார். டிஸ்க்கின் மேல்தகட்டில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு. இணைப்பு முனையில் ஒரு துளியும் படவில்லை. அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார். வழுவழுப்பான திருகை அவரே சாமர்த்தியமாகக் கழற்றி, டிஸ்க்கைச் சொருகி மூடினார். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கினேன்.

பட்டியல் வெள்ளையாக இருந்தது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். இப்போது டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது, சொருகியதை நானே பார்த்தேன். மறுபடி கழற்றினோம், துடைத்தோம், சொருகினோம். வெள்ளை. சார் முகம் சின்னதாகிவிட்டது. கழற்றியதில் தான்தான் எதையாவது கெடுத்துவிட்டோமோ என்று மெதுவாகக் கேட்டார். மாமி கைபேசியை எடுத்து, அம்மாக்களுக்கு ஏதோ எழுத ஆரம்பித்து, நிறுத்தி, கீழே வைத்தார்.

கனகராஜை எழுப்பினேன்.

"நேத்து ரெய்டுக்கு மாத்தச் சொன்னேனே, அத்த திருப்பி வெச்சியா?"

வைக்கவில்லை.

"நீ தான நைனா பம்புக்கு புக்கு எயுதறவன்?" என்றான். கொட்டாவி விட்டான். "திருப்பி வெச்சுட்டு போய்க்கினே இரு."

திருப்பி வைத்தேன். டிஸ்க் வந்தது. ஐந்நூறு ஜிபி, பெயரோடும் எண்ணோடும். அதை நான் இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவு என்ற வரியைத் தேர்ந்தெடுத்தபோது சார் என் தோளைத் தொட்டார்.

"பூஜைலேந்து எடுத்ததும் படிக்கணும். அழிக்கப்படாது."

அது எனக்குத் தோன்றவேயில்லை. நிறுவும் பக்கத்திலிருந்து வெளியே வந்து டிஸ்க்கைத் திறந்தேன். மாமி ஒரு பழைய ஏழாம் வகுப்புக் கேள்வித்தாளைத் தேர்ந்தெடுத்து உரக்கப் படித்தார். ஒரு தொட்டி, நிரப்ப ஒரு குழாய், வடிக்க ஒரு குழாய். சார் விடை சொன்னார். தப்பு என்றார் மாமி. சார் காகிதம் தேடினார். மணி ஆறரை ஆகப்போகிறது என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அழிக்கும் பொத்தானை மாமியே அழுத்தினார். பட்டை மெதுவாக நகர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் அசையாமல் நின்று, பிறகு நகர்ந்தது. பெயர் கேட்ட இடத்தில் ஜானு என்று அடித்தார். எழுதும் பலகையைச் சொருகினோம். கோடு போட்டால் கோடு விழுந்தது.

ஏழரைக்குக் குழந்தைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தார்கள். மாமி காலை வணக்கம் என்றார், அவர்கள் மாலை வணக்கம் என்றார்கள். எல்லோரும் நோட்டை எடுத்துக்கோங்கோ என்றார் மாமி. யாரும் நகரவில்லை. மாளவிகா என்ற பெண் கையைத் தூக்கியது.

"மிஸ், என் நோட் சாமிகிட்ட இருக்கு. இங்க இன்னிக்குத்தான் சரஸ்வதி பூஜை. நாளைக்குத்தான் எடுக்கணும்னு அம்மா சொன்னா."

எனக்கும் என்று சாய்சரண் சொன்னான். இன்னும் நாலு குரல்கள் எனக்கும் எனக்கும் என்றன. நான் சாரைப் பார்த்தேன். எது நேற்று, எது இன்று என்று அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கியிருந்தார். ஏதோ சொல்லவும் வாயெடுத்தார். மாமி கேமராவுக்குத் தெரியாமல் இடது கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அப்புறம் பலகையின் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டார்.

"நோட்டு வேண்டாம். யாரும் எதையும் எழுத வேண்டாம், நானும் எழுதலை. நான் சொல்றேன், மனசுல போடுங்கோ."

ஒரு பேருந்தில் ஏறியவர்கள், இறங்கியவர்கள் என்று ஒரு கணக்கைச் சொன்னார். திரையில் ஏழு முகங்கள் மேலே பார்த்து யோசித்தன. சாய்சரண் ஒரு விடை சொன்னான்.

"கிட்ட வந்துட்டே," என்றார் மாமி. "இன்னொரு தரம்."